நாற்பது நாள் கட்டிப்போட்ட குதிரைகள்

(தவக்கால வானொலி மறையுரை)



தவக்காலம் என்றாலே நமக்கு நினைவுக்கு வரும் எண் நாற்பது. நோவா காலத்து மழை நாற்பது நாள். சீனாய் மலையில் மோசே நாற்பது நாள். பாலைநிலத்தில் நம் ஆண்டவர் நாற்பது நாள். இன்று இன்னொரு நாற்பது நாளைப் பற்றிச் சொல்கிறேன். அது திருவிவிலியத்தில் இல்லை. நம்முடைய பாண்டிய நாட்டில் நடந்தது.

பாண்டியர்களுக்குப் போர்க்குதிரை வேண்டும். நம் மண்ணில் நல்ல குதிரை பிறப்பதில்லை. ஆகவே கப்பலில் வரவழைத்தார்கள். இங்கிருந்து வடக்கே ஆவுடையார்கோயில் பக்கம் போனால், பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் கதையை இன்றும் சொல்வார்கள். 13-ஆம் நூற்றாண்டில் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்துக்கு அரபு, பாரசீகக் குதிரைகள் வந்து இறங்கின. வளைகுடாவில் உள்ள கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்தது என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். வழியில் கடலில் செத்தாலும் பாண்டியன் கருவூலம் பணம் கட்ட வேண்டும்.

அப்படி வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? அதே காலத்தில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ சொல்கிறார்: மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் வாங்குவார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கே வரவிடுவதே இல்லை என்றும் எழுதுகிறார். ஏன்? குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும்!

வஸ்ஸாப் இன்னும் ஒன்று சொல்கிறார். அந்தக் குதிரைகளுக்கு வறுத்த தானியம், வெண்ணெய், காய்ச்சிய பால் என்று கொடுத்து, கயிற்றால் முளையில் கட்டி, நாற்பது நாள் கொழுக்க வைப்பார்களாம். அதன்பின் எந்தப் பயிற்சியும் இல்லாமல் அவற்றின் மேல் ஏறி வெறிகொண்டு ஓட்டுவார்களாம். கொஞ்ச காலத்திலேயே மிகச் சிறந்த குதிரையும் ஒன்றுக்கும் உதவாததாகிவிடும்.

அன்பானவர்களே, அந்தக் குதிரைக்குத் தீனியில் குறை இல்லை. செலவில் குறை இல்லை. பழக்குவதற்குத்தான் யாரும் இல்லை.

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். அன்று நம் பொன் வளைகுடாவுக்குப் போனது. இன்று நம் ஆண்கள் பொன் தேடி வளைகுடாவுக்குப் போகிறார்கள். இன்னும் பலர் இரவெல்லாம் கடலில் கிடக்கிறார்கள். அந்தப் பணத்தில் பிள்ளைக்கு நல்ல சாப்பாடு, நல்ல துணி, செல்போன், பதினேழு வயதிலேயே பைக். எதிலும் குறை வைப்பதில்லை. ஆனால் கோபம் வரும்போது வாயை எப்படி அடக்குவது, தோற்றால் எப்படி எழுந்திருப்பது, கூடாது என்று சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்வது, இதை யார் பழக்குகிறோம்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த பைக் விழுந்து கிடக்கும்போது, வண்டியில் வேகம் இருந்தது, கடிவாளம் இல்லை என்று அழுகிறோம். பழைய வியாபாரிகளும் போய்விடவில்லை. மது விற்கிறவரும், செல்போனில் சூதாட்டம் நடத்துகிறவரும் நாம் அடக்கம் கற்றுக்கொள்வதை விரும்புவார்களா?

சரி, பழக்குவது என்றால் என்ன? குதிரை இயல்பாகவே பயந்த பிராணி. ஆபத்து என்றால் ஓடத்தான் தெரியும். ஐரோப்பாவில் வீரர்கள் ஈட்டி ஏந்தி எதிரெதிரே பாய்ந்து மோதும் பந்தயங்கள் நடந்தன. உயிர்கள் போனதால் திருச்சபை 1130 முதல் அவற்றைத் தடை செய்தது. 1316-இல்தான் தடை நீங்கியது. இன்று மேலைநாடுகளில் அதைப் பழங்கால விளையாட்டாக நடித்துக் காட்டுகிறார்கள். அதற்குக் குதிரையை அடித்துப் பழக்க முடியாது. முதலில் ஈட்டியை முகர்ந்து பார்க்க விடுவார்கள். பிறகு அதை ஏந்தியபடி மெல்ல நடத்துவார்கள். பிறகு எதிரே இன்னொரு குதிரை நடந்து வரும். அப்புறம்தான் ஓட்டம். நம் மெரினா கடற்கரையில் ரோந்து வரும் காவல்துறைக் குதிரை அவ்வளவு கூட்டத்திலும் சத்தத்திலும் மிரளாமல் நிற்கிறதே, அதுவும் பொறுமையான பழக்கத்தின் பலன்தான். பயத்தை வெல்வது சாட்டை அல்ல, தினமும் தடவிக் கொடுக்கும் ஒரு கை.

கிரேக்க மொழியில் 'பிராயுஸ்' என்று ஒரு சொல் உண்டு. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய செனபோன், பயிற்சியாளரிடம் ஒப்படைக்கும் முன்பே குதிரைக்குட்டி 'பிராயுஸ்' ஆக இருக்க வேண்டும், மனிதக் கைக்குப் பழகியிருக்க வேண்டும் என்கிறார். மத்தேயு நற்செய்தியில் மலைப்பொழிவின் மூன்றாம் பேற்றில் வரும் 'கனிவு' இந்தச் சொல்தான். ஆண்டவர் தம் நுகத்தை ஏற்க அழைக்கும்போது தம்மைப் பற்றிச் சொல்வதும் இதே சொல்தான். கனிவு கோழைத்தனம் அல்ல. கனிவு என்பது கடிவாளத்துக்குள் வந்த வலிமை.

குருத்து ஞாயிறன்று எருசலேமுக்குள் வந்த அரசர் போர்க்குதிரையில் வரவில்லை. கழுதைக்குட்டியில் வந்தார். அதுவரை யாரும் ஏறாத குட்டி என்கிறார் மாற்கு. பழக்காத குட்டி, சுற்றிலும் கூச்சல், தரையில் விரித்த துணி, அசையும் கிளைகள். எந்தப் பிராணியும் மிரண்டு ஓடும். அந்தக் குட்டி அவரைச் சுமந்து நடந்தது. மேலே இருந்தவரின் கனிவு அதற்குத் தெரிந்தது.

நம் பக்கத்து ஓரியூர் மண்ணுக்கும் இது தெரியும். போர்ச்சுகல் அரண்மனையில் வளர்ந்த புனித அருளானந்தர், காவி உடுத்திய துறவியாக மறவர் சீமைக்கு வந்தார். 1693 பிப்ரவரி 4-இல் அங்கே தலையைக் கொடுத்தார். சிறையிலிருந்து அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில் கசப்பு இல்லை, மகிழ்ச்சி இருந்தது. வலிமை இல்லாதவரா அவர்?

எஞ்சியிருக்கும் தவக்கால நாட்களில் ஒன்று செய்வோம். இறைச்சியை விட்டோம், பூ வைப்பதை விட்டோம் என்பதோடு நின்றுவிடாமல், ஒரு பழக்கத்தைக் கையில் எடுப்போம். கோபத்தில் வாய் திறக்குமுன் மனதுக்குள் ஓர் 'அருள்நிறைந்த மரியே'. இரவு உணவின்போது செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளையோடு பத்து நிமிடம். கத்தாமல் சொல்லும் ஒரு 'வேண்டாம்'. ஒரே நாளில் நடக்காது. குதிரைக்கே நடக்காதபோது, மனிதருக்கு நடக்குமா?

ஆண்டவரே, கொழுத்துத் திரிகிற எங்கள் மனங்களை உம் கையில் ஒப்படைக்கிறோம். அடிக்காமல் பழக்குகிறவர் நீர். உம் கனிவை எங்களுக்கும், எங்கள் வழியாக எங்கள் பிள்ளைகளுக்கும் பழக்கியருளும். ஆமென்.