கான்கிரீட்டின் வலிமை: சிதைக்காமல் அறியும் முறைகள்



பொருளாதாரம் பயின்றவன் கான்கிரீட்டைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், பள்ளிகளிலும் பாலங்களிலும் இடப்பட்ட பொதுப்பணம் எத்தனை ஆண்டுகள் பயன்தரும் என்பது பொருளாதாரக் கேள்வியே ஆகும்.

கட்டும்போது 150 மில்லிமீட்டர் கனசதுரங்களை வார்த்து, 28 நாட்கள் நீரில் வைத்து, நசுக்கிப் பார்க்கிறோம். இது கலவையின் வலிமையை உணர்த்தும். தூணில் இட்ட கான்கிரீட் நன்கு கெட்டிக்கப்பட்டதா என்பதை உணர்த்தாது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல இடிந்தன. இத்தகைய அதிர்ச்சிக்குப் பின் எஞ்சி நிற்கும் கட்டடத்தில், அதன் கான்கிரீட்டையே சோதிக்க வேண்டியுள்ளது.

இதற்கு இரு கருவிகள் பெரிதும் பயன்படுகின்றன. முதலாவது, சுவிட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1940களின் இறுதியில் உருவாக்கிய மீள்தெறிப்புச் சுத்தி. வில்லின் விசையால் மோதும் எடை எவ்வளவு பின்தெறிக்கிறது என்பதைக் கொண்டு மேற்பரப்பின் கடினத்தை இது காட்டும். இரண்டாவது, மீயொலித் துடிப்பு முறை. உள்ளே வெற்றிடமோ வெடிப்போ இருப்பின் துடிப்பு தாமதமாகும். வேகம் நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேலாயின் மிக நன்று, 3 கிலோமீட்டருக்குக் கீழாயின் ஐயத்திற்குரியது என 1992ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி வகுத்தது. 2018இல் புதிய விதி அதன் இடத்தைப் பெற்றது.

இவை நேரடியாக வலிமையை அளப்பவை அல்ல. சுத்தியைக் கொண்டு மதிப்பிடும் வலிமையில் 25 விழுக்காடு வரை ஏற்றத்தாழ்வு இருக்கலாம். பழைய கட்டடங்களில் காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பை இறுக்கிவிடுவதால், நலிந்த கான்கிரீட்டும் வலியதாகத் தோன்றும். ஈரமான பரப்போ குறைத்துக் காட்டும்.

எனவே, ஒரு கருவியின் எண்ணை மட்டும் நம்பிக் கட்டடத்தை இடிக்கவும் கூடாது. தகுதிச் சான்று வழங்கவும் கூடாது. சுத்தியாலும் மீயொலியாலும் நலிந்த பகுதிகளை முதலில் கண்டறிக. பின்னர் அங்கு உருளை மாதிரிகளைத் துளைத்தெடுத்து நசுக்கிப் பார்க்க. மாதிரிகள் மூன்றுக்குக் குறையலாகாது; அவற்றின் சராசரி, குறித்த வலிமையில் 85 விழுக்காடேனும் இருத்தல் வேண்டும்; எந்த ஒன்றும் 75 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பது 2000ஆம் ஆண்டின் விதி.

நல்ல கட்டடத்தை இடித்தால் பொதுப்பணம் வீணாகும். நலிந்ததை விட்டுவைத்தால் உயிர்கள் பலியாகும். ஆகவே, பழுதுபார்ப்பு மதிப்பீடுகளிலேயே இச்சோதனைகளுக்கெனத் தனியே நிதி ஒதுக்குமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.