பயத்தைக் காசு கொடுத்து வாங்கலாமா?

('ரோலர் கோஸ்டர் மோகம்: துணிச்சலா, விபரீதமா?' என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சி மன்றத்தில், 'துணிச்சலே' என்ற அணியின் சார்பில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "காசையும் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, இரண்டு நிமிடம் அலறிவிட்டு இறங்குகிறார்களே, இவர்களுக்குப் புத்தி இருக்கிறதா?" என்றார். கைதட்டலும் வாங்கினார். நியாயமான கேள்விதான். ஆனால், நடுவர் அவர்களே, இந்தக் கேள்விக்கு வயது முந்நூறு!

18ஆம் நூற்றாண்டிலேயே ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பகுதியில் மரச்சாரம் கட்டி, அதன்மேல் பனிக்கட்டி படியவிட்டு, உயரத்திலிருந்து சறுக்கி விளையாடினார்கள். அதைப் பார்த்துத்தான் 1817இல் பாரிசில் சக்கரம் பூட்டிய வண்டிகளை ஓடவிட்டார்கள். இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் ரோலர் கோஸ்டரை 'ரஷ்ய மலைகள்' என்றே அழைக்கிறார்கள். 1884இல் லமார்க்கஸ் தாம்சன் என்பவர் நியூயார்க்கின் கோனி தீவில் ஒரு சறுக்கு ரயிலைத் திறந்தார். கட்டணம் 5 காசு, வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். நம் வீட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் அதைவிட வேகமாகப் போவார்கள்! அதற்கே கூட்டம் அலைமோதியது. 2005இல் நியூஜெர்சியில் வந்த 'கிங்டா கா' 139 மீட்டர் உயரம், மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம். 10 எங்கே, 206 எங்கே? வேகம்தான் மாறியது. மனித மனம் மாறவில்லை.

இதில் பித்துப் பிடித்தவர்கள் 1978இல் அமெரிக்காவில் ஒரு சங்கமே தொடங்கிவிட்டார்கள். நாம் தபால்தலை சேர்ப்பதுபோல், இவர்கள் ஏறிய ரோலர் கோஸ்டர்களை எண்ணிக் கணக்கு வைப்பார்கள். ரிச்சர்ட் ரோட்ரிகஸ் என்பவர் 2007இல் இங்கிலாந்தின் பிளாக்பூலில் 400 மணி நேரத்துக்கும் மேலாகச் சவாரி செய்து சாதனை படைத்தார். ஏறத்தாழ 17 நாள்! அந்த கிங்டா காவை 2024 நவம்பரில், 'இன்றுதான் கடைசி நாள்' என்றுகூடச் சொல்லாமல் மூடி, 2025 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்தபோது, பழகிய நண்பரை இழந்ததுபோல் வருந்தியவர்கள் இந்த ஆர்வலர்கள்.

ஏன் இந்த மோகம்? மைக்கேல் பாலிண்ட் என்ற மனோவியல் அறிஞர் 1959இலேயே இதற்கு விடை சொன்னார். சிலிர்ப்புக்கு மூன்று அம்சங்கள் வேண்டுமாம். ஒன்று, ஆபத்து இருக்கிறது என்ற பயம். இரண்டு, அந்தப் பயத்துக்குள் தானாக விரும்பி நுழைவது. மூன்று, பத்திரமாகத் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை. இந்த மூன்றாவது அம்சத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என் வாதமே அதில்தான் நிற்கிறது.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆஸ்துமா உள்ள இளம்பெண்களை ரோலர் கோஸ்டரில் ஏற்றிப் பார்த்தார்கள். 2007இல் வெளிவந்த ஆய்வு அது. எப்போது அவர்களுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகத் தோன்றியது தெரியுமா? ஏறுவதற்குச் சற்று முன்பு! இறங்கிய பிறகு அந்த உணர்வு குறைந்திருந்தது. பயம் வரிசையில் நிற்கும்போதுதான் பெரிது என்பதை வாழ்க்கையிலும் நாம் பார்க்கிறோம். தேர்வு எழுதப்போகும் மாணவனைக் கேளுங்கள், அவனும் இதையே சொல்வான்.

"விபத்து நடக்கவில்லையா?" என்று எதிரணி கேட்கும். நடந்திருக்கிறது, மறைக்கவில்லை. 2015 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 'ஸ்மைலர்' என்ற ரோலர் கோஸ்டரில் ஆட்கள் அமர்ந்திருந்த வண்டி, பாதையில் நின்றுபோன காலி வண்டிமீது மோதியது. இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். விசாரணையில் தெரிந்தது என்ன? முன்னால் வண்டி நிற்கிறது என்று கண்டுகொண்டு கணினி பின்னால் வந்த வண்டியை நிறுத்தியிருக்கிறது. பழுது என்று நினைத்த ஊழியர்கள் கணினியை மீறி வண்டியை விட்டுவிட்டார்கள். இயந்திரம் 'நில்' என்றது, மனிதன் 'போ' என்றான்! நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது.

சிங்கப்பூரிலும் 2010இல் திறந்த இரட்டை ரோலர் கோஸ்டரை, இருக்கையில் குறை கண்டு சில நாளிலேயே மூடினார்கள். சரிபார்த்து 2011 பிப்ரவரியில்தான் மீண்டும் ஓட்டினார்கள். 2013இல் மறுபடியும் மூடி, இருக்கைகளை மாற்றி 2015இல் திறந்தார்கள். மூட வேண்டிய நேரத்தில் மூடுவதற்குப் பெயர்தான் பாதுகாப்பு.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சபையில் ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அக்காள் மகனை ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போனேன். உயரம் 3 சென்டிமீட்டர் போதவில்லை. பையன் அழுதான். சப்பாத்துக்குள் அட்டையை மடித்து வைத்து மறுபடியும் வரிசையில் நிறுத்தினேன். அங்கு வேலை பார்த்த பெண் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி அளந்துவிட்டு, முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் அவளிடம் சத்தம் போட்டேன். பாதுகாப்புப் பட்டை ஓர் அளவு உடம்புக்குத்தான் பிடிக்கும், சின்ன உடம்பு நழுவிவிடும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. இந்த மேடையிலிருந்து அவளுக்கு நன்றி சொல்கிறேன்.

நடுவர் அவர்களே, என் கடைசி வாதம். இளைஞர்களுக்குச் சிலிர்ப்பு வேண்டும். 'வேண்டாம்' என்று அதட்டினால் அந்தப் பசி அடங்காது, வேறு வழி தேடும். எங்கள் குடியிருப்பில் 17 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கெட்ட பையன் அல்லன். இரவு இரண்டு மணிக்கு மாட் ரெம்பிட் கூட்டத்தோடு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் போனான், திரும்பவில்லை. இன்றும் இரவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அவன் தாயார் வாசலுக்கு வந்து நிற்கிறார். மலேசியச் சாலைகளில் 2019இல் மட்டும் 6,167 பேர் மாண்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

அந்தப் பையனிடம் பயம் இருந்தது, விருப்பமும் இருந்தது. பாலிண்ட் சொன்ன மூன்றாவது அம்சத்துக்குத்தான் ஆதாரமே இல்லை. தண்டவாளத்துக்கு மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டு ஓடுகிறது ரோலர் கோஸ்டர். நெடுஞ்சாலையில் அவனைப் பிடித்துக்கொள்ள என்ன இருந்தது?

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சச் சொன்னார் வள்ளுவர். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம். உயரம் போதாத பிள்ளையை ஏமாற்றி ஏற்ற வேண்டாம். மற்றவர்கள் பட்டையைப் பூட்டிக்கொண்டு, வாய்விட்டு அலறட்டும். அலறிய பிள்ளை சிரித்துக்கொண்டே இறங்கி வீடு வந்து சேருமானால், பெற்றவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆகவே இது விபரீதம் அல்ல, வரம்புக்கு உட்பட்ட துணிச்சலே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.