ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு விபத்தைப் பார்த்தால்
(திருத்துறைப்பூண்டியில் பேசியது)

நம்ம ஊர் வழியாகப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையின் எண் தெரியுமா? 32. சென்னையையும் தாம்பரம், வண்டலூர், செங்கல்பட்டையும் இணைக்கிற ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் அதே தேசிய நெடுஞ்சாலை எண்தான்.

தீபாவளி, பொங்கல் முடிந்து திரும்பும்போது விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் அரைத்தூக்கத்தோடு இறங்குகிறோம். அங்கே கண்ணெதிரே ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் என்ன செய்வீங்க? "நமக்கெதுக்கு வம்பு, போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்" என்று ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. உங்கள் பெயர், முகவரியைக் கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது.

உடனே 108-ஐக் கூப்பிடுங்க. "தாம்பரம் பக்கம்" என்றால் போதாது. சென்னை போகிற பக்கமா, செங்கல்பட்டு போகிற பக்கமா, மேம்பாலத்துக்கு மேலேயா, கீழேயா? நடுவில் தடுப்புச் சுவர் உள்ள ரோடு அது. பக்கம் மாற்றிச் சொன்னால் ஆம்புலன்ஸ் சுற்றித்தான் வரணும். கிலோமீட்டர் கல் தெரிந்தால் அந்த எண்ணையும் சொல்லுங்க.

செலவை யார் கொடுப்பது? 2021 டிசம்பர் 18-ல், சென்னைக்குப் போகும் அதே வழியில் இருக்கிற மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில், நிர்ணயித்த தொகை வரை, முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு.

சரி, இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்க.