ஒரு குவளைத் தண்ணீருக்கு ஒன்பதரை ஆண்டு



2013-இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் சில்லை அறிமுகப்படுத்தின. தலைமுடி அளவே அகலமுள்ள வாய்க்காலில் கடல்நீர் ஓடியது. கொடுத்த மின்னழுத்தம் 3 வோல்ட்தான். சவ்வு எதுவும் இல்லாமலே உப்பில் 25 விழுக்காடு நீங்கியது. கிடைத்த நீர் நிமிடத்துக்கு 40 நானோலிட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், 200 மில்லிலிட்டர் குவளை நிறைய ஒன்பதரை ஆண்டு ஆகும். நிறைந்த பிறகும் முக்கால் பங்கு உப்பு அதிலேயே இருக்கும்.

இதைச் செய்த ரிச்சர்ட் கிரூக்ஸ், அப்போது அவருடைய ஆய்வு மாணவராக இருந்த கைல் நஸ்ட் முதலியோர் எதையும் மறைக்கவில்லை. 99 விழுக்காடு உப்பு நீங்க வேண்டும், தண்ணீர் நாளுக்கு லிட்டர் கணக்கில் வர வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். நுண்பாய்மக் கருவிகளால் கடல்நீரைக் குடிநீராக்கும் துறைக்கு முனைவர் பட்டம் தேடி வருவோர் முதலில் பழக வேண்டியது இந்த வெளிப்படைத்தன்மைதான்.

துறையின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பிய ஆய்வு 2010-இல் 'நேச்சர் நானோடெக்னாலஜி' இதழில் வந்தது. எம்.ஐ.டி.யின் ஜோங்யூன் ஹான், சுங் ஜே கிம் ஆகியோரும் தென்கொரியாவின் போஸ்டெக் நிறுவனத்தாரும் அதை எழுதினார்கள். கருவி எளிமையானது. ஒரு வாய்க்கால் இரண்டாகக் கிளை பிரிகிறது. பிரியும் இடத்தில், நேர் அயனிகளை மட்டும் உள்ளே விடும் நேஃபியான் பொருளாலான ஒரு சந்திப்பு. மின்னழுத்தம் கொடுத்ததும் சோடியம் அயனிகள் அதன் வழியே வெளியேறுகின்றன. சந்திப்பை ஒட்டி அயனி வற்றிய பகுதி ஒன்று உருவாகிறது. பின்னால் வரும் உப்பு, மின்னூட்டமுள்ள துகள், பாக்டீரியா எல்லாவற்றையும் அந்தப் பகுதி ஒரு கிளைக்குத் தள்ளிவிடுகிறது. மறு கிளையில் நன்னீர்.

ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தண்ணீரே சவ்வைத் துளைத்துப் போக வேண்டும். அதற்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் 55 முதல் 70 மடங்கு வரை அழுத்தம் தேவை. இங்கே தண்ணீர் சவ்வுக்குள் நுழைவதே இல்லை. அதனால் உயர் அழுத்தப் பம்பு வேண்டாம். அடைப்புத் தொல்லையும் குறைவு.

மின்செலவில்? 2010 ஆய்வு காட்டிய கணக்கு லிட்டருக்கு 3.5 வாட்-மணிக்கும் குறைவு. பெரிய ஆர்.ஓ. ஆலைகளின் செலவும் கிட்டத்தட்ட அதேதான். 1,600 அலகுகளை எட்டு அங்குலத் தகடு ஒன்றில் அடுக்கினால் மணிக்கு 15 லிட்டர் கிடைக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

அதே ஹான் குழு 2022-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஒரு பெட்டியோடு பாஸ்டனின் கார்சன் கடற்கரைக்குப் போனது. எடை பத்துக் கிலோவுக்கும் குறைவு. வடிகட்டி மாற்றும் வேலை இல்லை. மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு குடிநீர். ஆனால் கடல்நீருக்கு ஆன மின்செலவு லிட்டருக்கு 15.6 முதல் 26.6 வாட்-மணி வரை. இதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு: உப்பு குறையக் குறைய நீரின் மின்தடை ஏறுகிறது. குடிக்கும் தரத்தை எட்டக் கூடுதல் கட்டங்களும் தேவைப்பட்டன.

நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் திறனோடு கட்டிய மீஞ்சூர் கடல்நீர்க் குடிநீராக்க ஆலையோடு இந்தப் பெட்டியைப் போட்டிக்கு நிறுத்துவதில் பொருளில்லை. ஆழ்கடலில் தங்கும் படகு, புயலில் துண்டிக்கப்பட்ட தீவு, குழாய் எட்டாத ஊர்: அதன் இடம் அங்கே.

ஆய்வேடுகள் இறங்க வேண்டிய பள்ளங்கள் தெளிவாகவே தெரிகின்றன. சோடியம் குளோரைடு கரைசலில் ஓடிய சில்லு கடல்நீரில் ஓடும் என்று உறுதியில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் மக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் உண்டு. காரத்தன்மை ஏறும் இடத்தில் இவை படிவாக உறைந்து வாய்க்காலை அடைக்கும். ஆயிரம் வாய்க்கால்களில் ஒன்றில் காற்றுக்குமிழி சிக்கினாலே மற்றவற்றின் ஓட்டம் மாறிவிடும். மின்னூட்டமில்லாத பூச்சிக்கொல்லி மூலக்கூறுகளை மின்புலம் கண்டுகொள்ளாது. அவற்றுக்குச் செயலூட்டிய கரி தனியே வேண்டும்.

எனவே இந்தக் கருத்தரங்கில் கட்டுரை படிப்போருக்குத் தலைமையின் வேண்டுகோள் ஒன்றுண்டு. நீக்கிய உப்பின் விழுக்காடு, நீரோட்ட வேகம், உள்ளே விட்ட நீரில் நன்னீராகத் திரும்பிய பங்கு, பம்பையும் சேர்த்த மின்செலவு ஆகிய நான்கு எண்களும் ஒரே பலகையில் வரட்டும். சோதனைக்கு எடுத்தது கடல்நீரா, கரைசலா என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். அது தெரிந்தால் கேள்வி நேரம் முழுவதையும் படிவு, குமிழி, மின்முனை பற்றிப் பேசவே செலவிடலாம்.

முதல் அமர்வு இணை வாய்க்கால்களில் ஓட்டத்தைச் சமமாகப் பிரிப்பது பற்றியது. கருத்தரங்கு தொடங்குகிறது.