உயிரியலும் சூழலும் கற்போர்க்கு இணையம் தரும் துணை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாக்களிற் சமயமும் இலக்கியமும் பேசப்படுதலே வழக்கம். இம்முறை உயிர்களைப் பற்றியும் அவை வாழும் சூழலைப் பற்றியும் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். இது சமயத்துக்குப் புறம்பான பொருளன்று. பழைய தலங்களுக்குத் தீர்த்தம் உண்டு, தலவிருட்சமும் உண்டு. மரத்தையும் நீரையும் மூர்த்தியோடு ஒருசேர வைத்துப் போற்றிய மக்கள் நாம். அங்ஙனமாயின் அம்மரம் இன்னது, அந்நீரில் வாழ்வன இன்னவை என்று அறிதலும் நமக்குரிய கடமையேயாம்.

உயிர்நூலைத் தமிழிற் கற்றல் நமக்குப் புதிதன்று. 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்க்கு மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். 1860களில் அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். அவர் சமயம் வேறு. ஆயினும் தமிழால் விஞ்ஞானம் கற்பிக்க முடியும் என்று செய்து காட்டிய நன்றியை நாம் மறத்தலாகாது.

இனி, நூல்களை இழந்த துயரமும் நமக்கு உண்டு. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் மீண்டும் பெறலரியனவும் இருந்தன. ஒரு பிரதி மாத்திரம் ஓரிடத்தில் இருப்பின் ஓர் இரவில் அழிந்துவிடும் என்பதை நாம் அன்று கண்டோம். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூல் நிலையம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் காத்து, யாவர்க்கும் இலவசமாக வழங்கி வருகின்றது. விஞ்ஞானம் பயில்வோரும் அதன் பட்டியலை ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

இணையத்தில் உயிரியல் கற்போர்க்கு உதவுவனவற்றை மூவகையாகப் பிரித்துக் கூறுவோம். பாடம் கற்பிப்பன முதல்வகை. ஐயம் தீர்ப்பன இரண்டாம் வகை. நாம் கண்டதை நாமே பதிய இடந்தருவன மூன்றாம் வகை.

முதல்வகையில், நம் நாட்டு அரசே வைத்திருப்பனவற்றை முதலிற் கூறுதல் முறை. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைத் தமிழில் இணையத்தில் இட்டுள்ளது. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் வளநூல்களும் அவ்வாறே கிடைக்கின்றன. இ-தக்சலாவ என்னும் கல்வி அமைச்சின் தளத்திலும் தமிழ்ப் பாடங்கள் உள. இவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ரியூசன் வகுப்புக்குச் செல்ல வசதியில்லாத பிள்ளைக்கு இச்செய்தி ஒன்றே பெரும் உதவியாகும். ஆங்கிலம் சிறிது அறிந்தோர் 2008 இல் தொடங்கிய கான் அக்கடமியின் உயிரியற் பாடங்களைத் தமிழ்ப் பாடநூலை அருகில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். கலப்பிரிவையும் ஒளித்தொகுப்பையும் வரைந்து காட்டி விளக்கும்போது மொழித்தடை பாதி நீங்கிவிடும். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒரு சொல்லின் பொருளை விரைந்து அறிய ஏற்றது. ஆயின் அது வாயில் மாத்திரமே, வீடு அன்று.

இரண்டாம் வகையில், பல்லுயிர் மரபு நூலகம் என்று நாம் தமிழிற் சொல்லத்தக்க ஒன்று உண்டு. பெரிய அரும்பொருட்சாலைகளும் தாவரவியற் பூங்காக்களும் ஒன்றுசேர்ந்து 2006 இல் இதனை நிறுவின. ஆறு கோடிப் பக்கங்களுக்கு மேல் அங்கே இலவசமாகப் படிக்கலாம். பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி திரைமன் எழுதிய இலங்கைத் தாவர நூலும் அங்கே உளது. 1893 இல் முதற் பாகம் வெளிவந்தது. 1896 இல் ஆசிரியர் மறைந்தார். எஞ்சியவற்றை ஜோசப் ஹூக்கர் 1900 இல் முடித்தார். அந்நூலிற் பல செடிகளுக்குச் சிங்களப் பெயருடன் தமிழ்ப் பெயரும் தரப்பட்டிருத்தல் கவனிக்கத்தக்கது. இந்நாட்டு மக்கள் வாயில் வழங்கிய பெயர்கள் அவை.

பழைய நூலொன்றே போதுமோ? போதாது. வன்னி மரத்தை உதாரணமாகக் கொள்வோம். திருக்கேதீச்சரத்தின் தலவிருட்சம் என்று போற்றப்படும் மரம் அது. பழைய நூல்களில் அதன் பெயர் புரோசோபிஸ் ஸ்பைசிஜெரா. இக்காலத்தில் புரோசோபிஸ் சினரேரியா. இரண்டும் ஒன்றே என்பதை எவ்வாறு அறிவது? இலண்டன் கியூ தாவரவியற் பூங்கா 2017 இல் தொடங்கிய உலகத் தாவரத் தளத்திற் பழைய பெயரை இட்டால் புதிய பெயரைக் காட்டும்.

அதே குடும்பத்துச் சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. மண்ணைத் திருத்தும் நோக்கத்தோடு 1950களில் அம்பாந்தோட்டைப் பக்கம் கொணரப்பட்டுப் பின்னர் புந்தல தேசிய பூங்காவைப் பற்றிப் படர்ந்தது. வன்னியும் இதுவும் நெடுங்காலம் புரோசோபிஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2022 இல் ஆராய்ச்சியாளர் அதனைப் பிரித்துச் சீமைக்கருவேலை நெல்டூமா என்னும் பேரினத்திற் சேர்த்தனர். வன்னி பழைய பெயரிலேயே நின்றது. ஒன்று நாம் வணங்கும் மரம். மற்றது நிலத்தை விழுங்கும் மரம். முள்ளும் இலையும் கண்டு இரண்டையும் ஒன்றென மயங்கினால், காக்க வேண்டியதை வெட்டி, வெட்ட வேண்டியதைக் காப்போம்.

மூன்றாம் வகையே இளைஞர்க்கு மிகவும் உரியது. ஐநேச்சுரலிஸ்ற் என்பது 2008 இற் கலிபோர்னியாவில் மாணவர் சிலர் தொடங்கிய தளம். கைத்தொலைபேசியாற் செடியையோ பூச்சியையோ படம்பிடித்து, கண்ட இடமும் நாளும் சேர்த்து அனுப்பினால், அது இன்னதாயிருக்கலாம் என்று கணினி கூறும். பின்னர் அறிந்தோர் பார்த்து ஒப்புவர் அல்லது மறுப்பர். மூன்றில் இரண்டு பங்கினர் ஒருமித்த பின்னரே அது ஆராய்ச்சித் தரமுடையதாகக் கொள்ளப்படும். பறவைகளுக்கு ஈபேர்ட் என்னும் தளத்தைக் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 2002 முதல் நடத்துகின்றனர். அவர்களது மேர்லின் என்னும் செயலி, பறவையின் பருமன், நிறம், நின்ற இடம் ஆகியவற்றைக் கேட்டு அதன் பெயரை ஊகித்துச் சொல்லும். இவ்வாறு சேரும் பதிவுகள் கொப்பன்கேகனைத் தலைமையிடமாகக் கொண்ட உலகப் பல்லுயிர்த் தகவற் களஞ்சியத்தைச் சென்றடைகின்றன. எந்நாட்டு ஆராய்ச்சியாளரும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இதனால் எமக்கு என்ன பயன் என்று பெரியோர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. மன்னாரிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. எவரோ கரையில் நின்று, எந்தப் பறவை, எத்தனை, எந்த மாதம் என்று பொறுமையோடு எண்ணி எழுதியதன் பயன் அது. பூநாரை தானே வந்து சாட்சி சொல்லாது. நம்மூர்க் குளமொன்றை மண்ணிட்டு நிரப்ப ஒருவர் முனைகின்றார் என்று வைத்துக்கொள்வோம். "அங்கே என்ன இருந்தது?" என்று அதிகாரிகள் கேட்பர். "நிறையக் கொக்கும் மீனும் இருந்தன" என்பது விடையாகாது. ஐந்தாண்டுப் பதிவு இருப்பின் அதுவே விடை. 1983 முதல் 2009 வரை நடந்த யுத்தத்தால் வடக்கிலும் கிழக்கிலும் பல இடங்களிற் காட்டிலும் கரையிலும் நின்று ஆராய்தல் அரிதாயிற்று. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியோர் இங்கு அமர்ந்திருக்கும் பிள்ளைகளே.

சில எச்சரிக்கைகளும் கூறுதல் வேண்டும். கணினி சொல்லும் பெயர் ஊகமே. காந்தட் கிழங்கைக் கண்ணுக்கு ஒத்த வேறு கிழங்கென்று கருதி உண்டோர் மாண்டதுண்டு. அதிலுள்ள கொல்கிசின் கொடிய நஞ்சு. ஆதலின் செயலியின் சொற்கேட்டு எதனையும் வாயிலிடலாகாது. மருந்தென்று பிறர்க்குக் கொடுத்தலும் ஆகாது. பாம்பைப் படமெடுக்க அருகிற் செல்லலாகாது. கேட்ட கேள்விக்கெல்லாம் சரளமாக விடை கூறும் செயற்கை அறிவுக் கருவிகள் இல்லாத நூலையும் இருப்பதாகக் கூறிவிடும். அவற்றின் விடையை மூலநூலோடு ஒப்பிட்டே கொள்ளுக. நட்சத்திர ஆமை போன்றவற்றைக் களவாகப் பிடித்து விற்போர் உளர். அழியும் நிலையிலுள்ள உயிர்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ற் தானே மறைத்துக் காட்டும். ஆயின் முகநூலில் நாம் இடும் படம் அவ்வாறு மறைக்காது. வீட்டு முற்றத்திற் படமெடுக்கும் பிள்ளைகள் தம் வீட்டின் இடத்தையும் மறைத்தே பதிதல் நன்று.

இறுதியாக ஒன்று. கருவிகள் இளைஞர் கையில் உள. பெயர்கள் முதியோர் நாவில் உள. வேலியோரத்துப் பூண்டு ஒவ்வொன்றுக்கும் ஆச்சி ஒரு பெயர் சொல்வார். எந்த மாதம் பூக்கும், எந்த நோய்க்கு ஆகும், மாடு தின்னுமோ தின்னாதோ என்றும் சொல்வார். பேரப்பிள்ளையோ அதன் இலத்தீன் பெயரைக் கைத்தொலைபேசியில் நொடியில் எடுப்பான். தமிழ்ப் பெயரை அறியான். திரைமன் காலத்திற் பெயர் சொல்ல ஆள் இருந்தது. எழுத ஒருவர் கடல் கடந்து வந்தார். இன்று எழுதக் கருவி இருக்கின்றது. சொல்வோர் குறைந்து வருகின்றனர். ஒரு முதியவர் மறையும்போது அவரோடு மறையும் பெயர்களை எந்தக் களஞ்சியமும் மீட்டுத் தராது.

ஆதலால் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வீதியிலும் தீர்த்தக் கரையிலும் கூடுவோம். ஒரு முதியவர்க்கு இரு இளைஞர் என்று பிரிவோம். முதியவர் பெயர் சொல்லட்டும், ஒருவர் படமெடுக்கட்டும், மற்றவர் கொப்பியில் எழுதட்டும். ஐநேச்சுரலிஸ்ற் தளத்தில் தமிழ்ப் பெயரையும் சேர்க்க இடமுண்டு. ஓராண்டிற் சேர்ந்த பட்டியலை அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுவோம். ஒரு பிரதியை நூலகம் தளத்துக்கும் அனுப்புவோம். செலவு அதிகமில்லை, வேண்டியது நடக்கக் கால், கேட்கக் காது, எழுத மனம்.