கொடுக்கைக் கண்டு நண்டை அறிவோம்

(கடலோர ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வரப்பில் நண்டு வளை தோண்டினால், தேக்கிய நீர் ஒரே இரவில் வடிந்துவிடுகிறது. ஆகவே நண்டு என்றாலே நமக்குப் பகை. அண்மையில் ஓர் ஊராட்சிக் கூட்டத்தில், உப்பங்கழிக் கரையிலுள்ள வளைகளிலெல்லாம் நஞ்சு ஊற்றவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. உறுப்பினர்களுடன் நாம் நேரில் சென்று பார்த்தோம். அங்கிருந்தவை வயல் நண்டுகள் அல்ல, பிடில் நண்டுகள். ஒருவர் குற்றத்திற்கு மற்றொருவரைத் தண்டிக்க இருந்தோம்!

இவற்றை எவ்வாறு அடையாளம் காண்பது? முதலாவது, இடம். வயல் நண்டு நன்னீரில் வாழ்வது. பிடில் நண்டு, கடல்நீர் ஏறி இறங்கும் சேற்று நிலத்தில் வாழ்வது. இரண்டாவது, கொடுக்கு. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மிகப் பெரியது. மற்றொன்று மிகச் சிறியது. பெரியது வலப்புறமும் இருக்கலாம், இடப்புறமும் இருக்கலாம். பெண் நண்டுக்கு இரண்டுமே சிறியவை. அதைக் கண்டு வேறு இனமென்று எண்ணிவிடலாகாது. மூன்றாவது, கண்கள். அவை நீண்ட மெல்லிய காம்புகளின் நுனியில் நிற்கும். நான்காவது, செய்கை. நீர் வற்றிய வேளையில் ஆண் நண்டு பெரிய கொடுக்கை உயர்த்தி அசைத்துப் பெண் நண்டை அழைக்கும். சிறு கொடுக்கால் சேற்றை அள்ளி உண்ணும்போது, பிடில் வாசிப்பதைப் போலவே தோன்றும். உணவு நீங்கிய சேறு சிறுசிறு உருண்டைகளாக வளையருகே கிடக்கும்.

நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். ஒரே நண்டின் நிறமும் வேளைக்கு வேளை மாறும். நம் காலடி அதிர்ந்ததும் நண்டுகள் வளைக்குள் மறைந்துவிடும். அசையாமல் சற்று அமர்ந்திருங்கள். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள்; இந்நண்டு கொழுக்காமலேயே வெளியே வரும்.

இதனால் நமக்கு என்ன பயன்? இவ்வளைகளின் வழியே சேற்றுக்குள் காற்றும் நீரும் செல்கின்றன. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் கரையைக் காத்து நிற்கும் அலையாத்தி மரங்களுக்கு இது பேருதவி. அங்கே ஊற்றும் நஞ்சு கழியில் கலந்தால், மீனும் இறாலும் மடியும். மீனவர் பிழைப்பும் கெடும்.

நாம் பார்த்துவந்த ஊரில் அக்கோரிக்கை கைவிடப்பட்டது. வயல் வளைகளை மண்ணிட்டு மிதித்து அடைத்து, வரப்புகளைப் பலப்படுத்துவதென முடிவாயிற்று. நீங்களும் தீர்மானம் நிறைவேற்றுமுன், நீர் வற்றும் வேளையில் ஒருமுறை கழிக்கரைக்குச் சென்று பாருங்கள். கண்டறிந்த பின் கையொப்பமிடுவோமாக!