கடைமடைக்கும் நீர் சேர வேண்டும்
(வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

நாம் வரலாறு பயின்று வரலாறு கற்பிக்கும் ஆசிரியர். கணினி, மாணவரிடம் கேட்டுக் கற்ற பிற்காலக் கல்வி. எனினும் இன்று அதைப் பற்றியே பேசத் துணிந்தோம். காரணம் உண்டு.

சென்ற கோடையில் நம் தெருப்பிள்ளை ஒருவர், கல்லூரி மாணவர், நம் இல்லம் வந்தார். உதவித்தொகை அறிவிப்புகளைத் திரட்டிக் காட்டும் செயலியொன்றை ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் சோதித்துக் கொண்டிருந்தார். எமுலேட்டர் என்பது கணினிக்குள் இயங்கும் போலிக் கைப்பேசி. பல கைப்பேசிகள் வாங்க இயலாதார்க்கு அதுவே ஆய்வுக்கூடம். செயலி திறந்தது, செய்தி வரவில்லை. "மூன்று நாளாயிற்று ஐயா. இதெல்லாம் நமக்கு வராது போலிருக்கிறது" என்றார்.

அச்சொல் நம்மைச் சுட்டது. பிழை இணைப்பில் இருக்க, அதனைத் தம் பிறப்பின்மேல் ஏற்றிக்கொள்ளும் பழக்கம், தலைமுறை தலைமுறையாய் நமக்கு ஊட்டப்பட்ட நஞ்சன்றோ!

மேட்டூரில் திறந்த நீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, வாய்க்கால் பல கடந்து கடைமடை சேர்கிறது. வயல் காய்ந்தால் எந்த மதகு அடைபட்டது என்று கரையோடு நடந்து பார்ப்பர். நிலம் நமதாக இல்லாத காலத்தும் நீரின் வழியை நம் பாட்டன்மார் அறிந்திருந்தனர். அம்முறையே இங்கும் வேண்டும்.

முதல் மதகு: கணினிக்கு இணையம் உள்ளதா? அதன் பிரௌசரில் ஏதேனும் தளம் திறந்து பாருங்கள்.

இரண்டாவது: எமுலேட்டரின் பிரௌசரில் அதே தளம் திறக்கிறதா? திறந்தால் பிழை செயலியில் உள்ளது. திறக்காவிடில், ஏரோபிளேன் மோட் அணைந்துள்ளதா எனப் பாருங்கள். எமுலேட்டர் தொடங்கும்போதே கணினியின் டிஎன்எஸ் முகவரிகளை எடுத்துக்கொள்கிறது. இடையில் வைஃபை மாற்றியிருந்தால் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். அதனை மூடி, கோல்டு பூட் முறையில் மீண்டும் தொடங்குக. கல்லூரி ஆய்வகத்தில் பிராக்ஸி இருப்பின், எமுலேட்டரின் அமைப்பிலும் அதனைக் குறிக்க வேண்டும். பிங் கட்டளைக்கு விடை வராததை மட்டும் கொண்டு இணைப்பில்லை என முடிவு கட்டாதீர். எமுலேட்டரில் அது இயங்காமலும் இருக்கலாம்.

மூன்றாவது: செயலியின் மேனிஃபெஸ்ட் கோப்பில் இணைய அனுமதி எழுதப்பட்டுள்ளதா?

நான்காவதிலேதான் நம் பிள்ளை இடறினார். அவருடைய சர்வர் அவர் கணினியிலேயே ஓடியது. ஆகவே செயலியில் 127.0.0.1 என எழுதியிருந்தார். அவ்வெண்ணுக்குப் பொருள் 'என்னிடமே' என்பது. எமுலேட்டருக்குள் அது எமுலேட்டரையே குறிக்கும், கணினியைக் குறிக்காது. எமுலேட்டரிலிருந்து கணினியை அழைக்க 10.0.2.2 என்றே எழுத வேண்டும். (உண்மைக் கைப்பேசியில் இவ்வெண் பயன்படாது, அங்கே வைஃபையில் கணினி பெற்ற முகவரியே வேண்டும்.)

எண்ணை மாற்றினோம். அப்போதும் செய்தி வரவில்லை! பிள்ளையின் முகம் வாடிற்று. லாக்கேட் பதிவைப் படிக்கச் சொன்னோம். அதில் 'மறைகுறியாக்கமில்லாப் போக்குவரத்துக்கு அனுமதியில்லை' என்றிருந்தது.  2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், அந்தப் பதிப்பையோ பிந்தியதையோ இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு வெறும் எச்டிடிபி இயல்பாகவே தடுக்கப்படுகிறது. சோதனைக்காக அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்கு எழுதினார். மக்களிடம் தரும்போது எச்டிடிபிஎஸ் ஆக்குவதாகவும் உறுதி கொண்டார். திரையில் அறிவிப்புகள் வரிசையாய் வந்து நின்றன.

இளைஞர்களே! 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் பெரியவர் இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் நமக்கும் உரியவை என்று தீர்மானம் கொணர்ந்தார். வழி அடைபட்டிருந்தது, நடப்பார் காலில் குறையில்லை என அவர் அறிந்திருந்தார். நீங்களும் அறிக. 'நமக்கு வராது' என்னுமுன், எந்த மதகு அடைபட்டது எனக் கேளுங்கள், ஒவ்வொன்றாய்த் திறவுங்கள், திறந்த வழியைப் பின்வருவோர்க்குச் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பிள்ளை இன்று நம் கழகத்தின் மாலை வகுப்பில் அதைத்தான் செய்கிறார்.

கழகம் வளர்க! கல்வி கடைமடை வரை பாய்க!